எப்போதிலிருந்து இப்படி?

1960களின் இறுதியில் மனநல மருத்துவர்களை உட்காரவைத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த ஒருவர் பேசுகிறார். முப்பது வயதை ஒட்டியவர், மணமாகாதவர். நரம்பில் பழுது எதுவும் இல்லாமலே அவருக்கு ஒரு கை செயலிழந்து போயிருந்தது. மனநிலை ஏறும், இறங்கும். குடியும் உண்டு. ஆய்வேட்டில் அவருக்கு ‘நோயாளி எஃப்’ என்று பெயர். வீடியோவைப் பார்த்த அமெரிக்க மருத்துவர்களில் 69 சதவீதம் பேர் மனச்சிதைவு என்று எழுதிக்கொடுத்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களில் அப்படி எழுதியவர்கள் 2 சதவீதம்தான். அவர்களில் பெரும்பாலோர் எழுதியது ஆளுமைக் கோளாறு.

இது பெயர் சூட்டுவதில் வந்த சின்னச் சச்சரவு என்று விட்டுவிட முடியாது. மனச்சிதைவு என்றால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை. ஆளுமைக் கோளாறு என்றால், அந்தக் காலத்து வழக்கப்படி, ‘ஆளே அப்படித்தான்’ என்று கைவிரிப்பு. அட்லாண்டிக்கின் எந்தக் கரையில் ஒருவர் டாக்டரைப் பார்த்தார் என்பதே அவர் விதியை எழுதியது.

சந்தேகம் தொடங்கியது வேறோர் இடத்தில். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருந்த மார்ட்டன் கிரேமர், அமெரிக்க மருத்துவமனைகளில் மனச்சிதைவுக்காரர்கள் குவிவதையும், பிரிட்டனில் மனநிலை நோய்க்காரர்கள் குவிவதையும் கவனித்தார். இரு நாட்டு மக்களின் மூளை இத்தனை மாறுபடுமா, அல்லது மாறுபடுவது மருத்துவர்களின் மூளையா? இதைத் தீர்க்க 1965-இல் நியூயார்க்கும் லண்டனும் சேர்ந்து ஒரு ஆய்வைத் தொடங்கின. இரு ஊர் மருத்துவமனைகளுக்கும் போய், ஒரே கேள்விகளை, ஒரே முறையில், பயிற்சி பெற்ற ஒரே குழு கேட்டது. அப்படிக் கேட்டதும் வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. நோயாளிகள் அவ்வளவு வேறுபட்டவர்களே இல்லை.

அந்தக் கேள்விகள் லண்டன் மனநலக் கல்வி நிறுவனத்தில் ஜான் விங் குழு உருவாக்கி வந்த ‘நிகழ்நிலைப் பரிசோதனை’யை அடியொற்றியவை. கட்டமைத்த நேர்காணல் என்று இன்று நாம் சொல்லும் குடும்பத்துக்கு அதை மூத்த பிள்ளை எனலாம். ஆனால் பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது. இப்போது, இந்த மாதம் உங்களுக்கு என்ன செய்கிறது என்று அது கேட்கும். குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா? நோயாளி எஃப் எப்படிப்பட்ட ஆள் என்பதைக் கண்டறிய அது போதாது. அதற்கு வேறொரு கேள்வி வேண்டும்: எப்போதிலிருந்து இப்படி?

இந்தச் சிக்கல் வெளிப்படும் முன்பே, மருத்துவர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று சிலர் எண்ணிப் பார்த்திருந்தார்கள். 1949-இல் பிலிப் ஆஷ், மூன்று மருத்துவர்கள் பார்த்த 52 ஆண்களின் கதையைப் பதிவு செய்தார். மூவரும் ஒரே குறிப்பிட்ட பெயரைச் சொன்னது ஐந்தில் ஒரு பங்கு ஆட்களுக்கு மட்டுமே. 1962-இல் ஆரோன் பெக், கிளைட் வார்டு குழு ஒரு படி மேலே போய், ஏன் ஒத்துப்போகவில்லை என்று மருத்துவர்களையே விசாரித்தது. நோயாளி இவரிடம் ஒன்று, அவரிடம் ஒன்று சொல்லிவிட்டார் என்பது காரணங்களில் வெறும் 5 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு மருத்துவர் கேட்ட விதம், எடைபோட்ட விதம். மீதி, 60 சதவீதத்துக்கும் மேல், நோய்ப்பட்டியலின் தெளிவின்மை. எல்லோரும் நோயாளியைச் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், கையில் இருந்த புத்தகம்தான் முதல் குற்றவாளி.

இதை அளக்க ஒரு கணக்கும் வேண்டியிருந்தது. இரண்டு டாக்டர்கள் ஆளுக்கு நூறு பேரைப் பார்த்து, பத்துப் பேருக்கு மட்டும் ‘ஆம்’, மற்றவர்களுக்கு ‘இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும், தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போய்விடும். அந்த 82-க்கு யாரையும் பாராட்டத் தேவையில்லை. தற்செயலைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும் அளவையை 1960-இல் ஜேக்கப் கோஹென் தந்தார். பெயர் கப்பா. முழு ஒப்புதலுக்கு 1, குருட்டாம்போக்குக்கு 0.

கப்பாவைக் கையிலெடுத்தவர் ராபர்ட் ஸ்பிட்சர். நியூயார்க் மாநில மனநல நிறுவனத்துக்காரர், அளவுகோல் பித்தர். 1960களிலேயே நோயறிதலுக்கு ஒரு கணினி நிரல் எழுதிப்பார்த்தவர். 1974-இல் அவரும் புள்ளியியலாளர் ஜோசப் ஃப்ளைஸும் ஆறு பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள். மூளையின் உடற்கோளாறுகளுக்கு 0.77, குடிநோய்க்கு 0.71, மனச்சிதைவுக்கு 0.57. ஆளுமைக் கோளாறுக்கு 0.32.

அதே பட்டியலில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதிகம் பேர் கண்டுகொள்ளாதது. ஆளுமைக் கோளாறுகளுக்குள்ளேயே சமூகவிரோத ஆளுமைக்கு மட்டும் 0.53. ஏன் அதற்கு மட்டும்? காரணம் எளிது என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, வேலையைப் பாதியில் விட்டது, போலீஸ் பிடித்தது எல்லாம் நடந்தவை; எண்ண முடிந்தவை. வெறுமை, பிறர்மேல் தீராத சந்தேகம், தன்னைப் பற்றிய மிதப்பு போன்றவற்றை எண்ண முடியாது. கேட்பவர் உணர வேண்டும். உணர்வது ஆளுக்கு ஆள் வேறு. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 1972-இல் கறாரான நோய்விதிகளை வெளியிட்டபோது, ஆளுமைக் கோளாறுகளில் இந்தச் சமூகவிரோத வகைக்கு மட்டுமே இடம் கொடுத்தது. மற்றதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு இன்னும் புகை.

ஸ்பிட்சருக்கு அந்தப் புகையையும் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். அவர் தலைமையில் 1980-இல் வந்த அமெரிக்க மனநலச் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு ஆளுமைக் கோளாறுகளைத் தனி அச்சாகப் பிரித்து, பதினொன்று என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அடையாளங்களைப் பட்டியலிட்டது. அதற்கு முந்தைய 1968 பதிப்பு ஒவ்வொன்றையும் சில வரி வருணனையில் முடித்திருந்தது. பட்டியல் வந்துவிட்டது, இனி யாராவது கேள்வி எழுத வேண்டும். கட்டமைத்த நேர்காணல்கள் பிறந்தது இந்த இடைவெளியில்தான். அதுவும் ஒன்றில்லை, சில ஆண்டுகளுக்குள் வரிசையாக.

பட்டியலுக்கு முன்பே தயாரானவரும் ஒருவர் உண்டு. பாஸ்டனுக்கு அருகே பெல்மாண்டில் உள்ள மக்லீன் மருத்துவமனையின் ஜான் கண்டர்சன். அவருடைய அக்கறை பார்டர்லைன் ஆளுமை ஒன்றின்மேல் மட்டும். (தமிழில் இதை ‘விளிம்புநிலை’ என்று எழுதிப்பார்த்தவர்கள் உண்டு, அந்தச் சொல்லை நாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்துவிட்டோம், பார்டர்லைனாகவே இருக்கட்டும்.) 1981-இல் அவர் குழு வெளியிட்ட நேர்காணல் அந்த ஒரு நோய்க்கானது. அயோவா பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஃபோல், டாலீன் ஸ்டாங்ல், மார்க் ஜிம்மர்மன் மூவரும் எல்லா ஆளுமைக் கோளாறுகளுக்குமாக ஒன்றைச் செய்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்மண்ட் லொராங்கர் வொயிட் பிளெயின்ஸ் மருத்துவமனையில் இருந்துகொண்டு இன்னொன்றைச் செய்தார். ஸ்பிட்சரும் ஜேனட் வில்லியம்ஸ், மிரியம் கிப்பன், மைக்கேல் ஃபர்ஸ்ட் ஆகியோரும் மன்ஹாட்டனில் செய்ததுதான் பின்னாளில் உலகமெங்கும் பரவியது.

உட்கார்ந்து கேள்வி எழுதியவர்களின் சங்கடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் உள்ளவரிடம் காய்ச்சலைக் கேட்கலாம். தற்பெருமைக்காரரிடம் “நீங்கள் தற்பெருமைக்காரரா?” என்று எப்படிக் கேட்பது? ஊரையே சந்தேகிப்பவர், கேள்வித்தாளோடு எதிரே உட்கார்ந்திருப்பவரை மட்டும் நம்பிவிடுவாரா? ஏமாற்றிப் பிழைப்பவரிடம் ஏமாற்றுவீர்களா என்று கேட்டால் வரும் பதிலுக்கு என்ன மதிப்பு?

ஆளாளுக்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அயோவாக்காரர்கள் கேள்விகளை நோய் வாரியாக அடுக்காமல் வாழ்க்கை வாரியாக அடுக்கினார்கள்: வேலை, நெருங்கிய உறவு, கோபம், பொழுதுபோக்கு. எந்தக் கேள்வி எந்தக் கோளாறைக் குறிவைக்கிறது என்பது எதிராளிக்குத் தெரியாது. பேட்டியும் பேச்சுப்போலவே நகரும். கூடவே ஓர் எச்சரிக்கை: இப்போது மனசு சரியில்லாதபோது இருப்பதைச் சொல்லாதீர்கள், வழக்கமாக நீங்கள் எப்படியோ அதைச் சொல்லுங்கள்.

மன்ஹாட்டன்காரர்கள் முதலில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து ஆம், இல்லை என்று நிரப்பச் சொன்னார்கள். வலையின் கண்ணை வேண்டுமென்றே சிறிதாக வைத்தார்கள். கெண்டையும் மாட்டும், குப்பையும் மாட்டும். பிறகு ‘ஆம்’ என்றவற்றை மட்டும் எடுத்து நேரில் துருவினார்கள். நேரம் மிச்சம்.

லொராங்கர் காலத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு குணம் ஐந்தாண்டாவது நீடித்திருந்தால்தான் அது கணக்கில் சேரும். அந்தக் கோளாறின் ஓர் அடையாளமாவது 25 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். ‘ஆம்’ என்று ஒருவர் சொன்னவுடன் மதிப்பெண் கிடையாது. எடுத்துக்காட்டு கேட்க வேண்டும், எத்தனை தடவை, யாரோடு, என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். கல்யாண வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். முழுப் பேட்டி முடிய இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும்.

லொராங்கரின் நேர்காணலை உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பட்டியலோடு சர்வதேச நோய்ப்பட்டியலையும் சேர்த்து, மொழிபெயர்த்து, வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா என 11 நாடுகளில் 14 மையங்களில் சோதித்தார்கள். 58 மருத்துவர்களும் உளவியலாளர்களும் 716 நோயாளிகளைப் பேட்டி கண்டார்கள். நைரோபி இருந்தது, டோக்கியோ இருந்தது. நமக்கு அருகில் பெங்களூரும் இருந்தது, நிம்ஹான்ஸின் எஸ்.எம். சன்னபசவண்ணா 1994-இல் வெளியான முடிவுகளின் ஆசிரியர்களில் ஒருவர். கூச்சம் எது, ஒதுங்கல் எது என்பதில் ஆஸ்லோவுக்கும் பெங்களூருக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்ற கேள்விக்கு முழு விடை கிடைத்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வெவ்வேறு மொழிகளில் பேசும் மருத்துவர்கள் ஒரே கேள்விக்கட்டை வைத்துக்கொண்டு ஓரளவு ஒத்துப்போக முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது.

ஓரளவு என்பதற்கு என்ன பொருள்? இங்கேதான் எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். நம்பகத்தன்மையைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒருவர் கேள்வி கேட்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அல்லது ஒலிப்பதிவைக் கேட்டு, தனியாக மதிப்பெண் போடுவது. இதில் கப்பா அழகாக ஏறும். ஏறாமல் என்ன செய்யும்? இருவர் காதிலும் விழுவது ஒரே பதில். போதாக்குறைக்கு, முதலாமவர் மேற்கொண்டு துருவாமல் அடுத்த கேள்விக்குத் தாவினால், ‘இல்லை’ என்று போட்டுவிட்டார் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் ஊகித்துவிடலாம். பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பையன் பேனா ஓடுவதைப் பார்ப்பது மாதிரி. இரண்டாவது வழி கடுமையானது: சில நாள் கழித்து வேறொருவர், முதல் விடை தெரியாமல், முழுப் பேட்டியையும் மறுபடி எடுப்பது. மன்ஹாட்டன் நேர்காணலின் கர்த்தாக்களே 1995-இல் இந்தக் கடினமான வழியில் தங்கள் பிள்ளையைச் சோதித்து வெளியிட்டார்கள். மனநோயாளிகளிடம் 0.53. நோயாளிகள் அல்லாதவர்களிடம் 0.38. தன் சரக்கைத் தானே இப்படித் தட்டிப்பார்த்து, வந்த எண்ணை மறைக்காமல் போட்ட நேர்மைக்காகவே அந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும்.

0.32-இலிருந்து 0.53. முன்னேற்றம்தான். ஆனால் இரண்டு பேர் ஒத்துப்போவதும், இருவர் சொல்வதும் சரியாக இருப்பதும் வேறு வேறு.

நம்மூரில் இதை விளக்குவது சுலபம். 2023-இல் சனிப்பெயர்ச்சி எப்போது? திருக்கணிதப் பஞ்சாங்கம் ஜனவரி 17 என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் டிசம்பர் 20 என்றது. வாக்கியம் வைத்திருக்கும் ஜோசியர்கள் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் டிசம்பர்தான் சொல்வார்கள். திருக்கணிதக்காரர்கள் பத்துப் பேரும் ஜனவரிதான். இரண்டு பக்கமும் நம்பகத்தன்மை பிரமாதம். சனி எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த ஒற்றுமை சாட்சியாகாது.

கிறிஸ்டோபர் பெர்ரி 1992-இல் செய்தது இதைத்தான். ஒரே நோயாளிகளிடம் வெவ்வேறு ஆளுமை நேர்காணல்களையும் கேள்வித்தாள்களையும் பயன்படுத்திய ஆய்வுகளைத் திரட்டி, ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் இடையே ஒப்புதல் எவ்வளவு என்று பார்த்தார். நடுமட்டக் கப்பா 0.25. ஒரே பஞ்சாங்கத்துக்குள் இருந்த இணக்கம், பஞ்சாங்கம் மாறியதும் உடைந்தது. பத்தாண்டு உழைப்பில் பிறந்த பிள்ளைகளின் செல்லுபடித்தன்மை, அதாவது அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்ற கேள்வி, அன்று முதல் மேசையை விட்டு இறங்கவில்லை.

உண்மையில் ஒருவருக்கு அந்தக் கோளாறு இருக்கிறதா என்று யாரிடம் போய்ச் சரிபார்ப்பது? ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. 1983-இல் ஸ்பிட்சரே ஒரு வழி சொன்னார்: தேர்ந்த நிபுணர்கள், கிடைக்கும் எல்லாத் தகவல்களையும் வைத்து, நீண்டகாலம் பார்த்துச் சொல்லும் முடிவையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று. மனிதத் தீர்ப்பு நிலையில்லாதது என்பதால்தானே கேள்விக்கட்டு எழுதினார்கள்? இப்போது அந்தக் கேள்விக்கட்டு சரியா என்று பார்க்க மறுபடி மனிதத் தீர்ப்பிடமே வந்து நின்றார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வேறு வழி இன்றைக்கும் தோன்றவில்லை.

இன்னொரு சாட்சி வீட்டிலேயே இருக்கிறார். நோயாளியின் மனைவி, அண்ணன், கூட வேலை பார்ப்பவர். பிரிட்டனில் பீட்டர் டைரர் 1979-லேயே தன் ஆளுமை மதிப்பீட்டு முறையில் நெருங்கியவர்களின் சாட்சியத்துக்கு முக்கிய இடம் கொடுத்தார். ஜிம்மர்மன் குழு மனச்சோர்வு நோயாளிகளையும் அவர்களை நன்கறிந்தவர்களையும் தனித்தனியே பேட்டி கண்டபோது, அறிந்தவர்கள் கூடுதலான குணக்கேட்டைச் சொன்னார்கள். இரு தரப்பும் அதிகம் ஒத்துப்போகவில்லை. கணவனைப் பற்றி மனைவியிடம் கேட்டால் என்ன வரும் என்று தெரிய ஆய்வா வேண்டும் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இரண்டில் எது உண்மை என்பதற்கு ஆய்விலும் விடையில்லை.

ட்ரூ வெஸ்டன் 1997-இல் அடிப்படையிலேயே கைவைத்தார். தேர்ந்த மருத்துவர்கள் ஆளுமையைக் கேள்வி கேட்டு அறிவதில்லை. நோயாளி தன் உறவுகளைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கேட்டு, எதிரே நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து அறிகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு இரண்டாண்டில் பதில் வந்தது.

அயோவாவில் தொடங்கிய அதே ஜிம்மர்மன் இப்போது ரோட் ஐலண்ட் மருத்துவமனையில் இருந்தார். அங்கே வந்த 500 வெளிநோயாளிகளை மருத்துவர்கள் தங்கள் வழக்கப்படி பார்த்தார்கள். பார்டர்லைன் ஆளுமை என்று எழுதியது 0.4 சதவீதம் பேருக்கு. அடுத்து 409 பேரிடம் கேள்விக்கட்டை வைத்துக் கேட்டார்கள், 14.4 சதவீதம். தேர்ந்த காது கதையிலேயே எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்பது நல்ல நாளில், நிறைய நேரம் இருக்கும் டாக்டருக்குப் பொருந்தலாம். வாசலில் இன்னும் இருபது பேர் காத்திருக்கும்போது, மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்ததோடு கதை முடிந்துவிடும். கேட்கவே மறந்துபோன கேள்வியைக் கேட்க வைத்ததுதான் இந்தக் கருவியின் பெரிய உபகாரம் என்பது என் கட்சி. கப்பா எவ்வளவு என்பதெல்லாம் பிறகு.

அப்படிக் கேட்டுக் கண்டுபிடித்தவர்களைப் பின்தொடர்ந்தபோது வந்தது யாரும் எதிர்பாராதது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதுதான் ஆளுமைக் கோளாறின் இலக்கணமே. நீடித்தது, மாறாதது என்று கையேடே சொல்கிறது. மக்லீனில் மேரி ஜனாரினி, கண்டர்சன் நேர்காணலின் திருத்திய வடிவத்தையும் தன்னுடைய இன்னொரு நேர்காணலையும் வைத்து 290 பார்டர்லைன் உள்நோயாளிகளைச் சேர்த்து, 1992 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டுவந்தார். பத்தாண்டில் 93 சதவீதம் பேர் குறைந்தது இரண்டாண்டுக்காவது அந்த நோயின் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். வேலையும் உறவும் கூடிவந்து முழுமையாகத் தேறியவர்கள் பாதிப் பேர். கேள்விக்கட்டு தவறாகப் பிடித்துவிட்டதா, அல்லது மாறாதது என்று நாம்தான் தவறாக நினைத்திருந்தோமா? இரண்டாவதுதான் என்று பெரும்பாலோர் ஏற்றார்கள். அளவுகோல் சரிதானா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, அளக்கப்படும் பொருளையே அந்த அளவுகோல் திருத்திக் காட்டிவிட்டது.

பெட்டிகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அமெரிக்கக் கையேட்டின் 1994-க்குப் பிந்தைய விதிப்படி பார்டர்லைனுக்கு ஒன்பதில் ஐந்து அடையாளங்கள் போதும். அதாவது 256 வெவ்வேறு சேர்க்கைகளில் ஒருவர் அந்தப் பெயரைப் பெறலாம். ஒரே ஓர் அடையாளம் மட்டும் பொதுவாக உள்ள இருவர் ஒரே பெட்டியில் உட்காரலாம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப்பட்டியல் வகைகளைப் பெரும்பாலும் தூக்கிப்போட்டது. ஆளுமைக் கோளாறு உண்டா, எவ்வளவு கடுமை, எந்தக் குணங்கள் தூக்கல் என்பதுதான் இப்போது. பார்டர்லைன் மட்டும் ஒட்டுத்திண்ணையில் ஓர் இடம் பிடித்துக்கொண்டது. அந்தத் திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பீட்டர் டைரர்.

அமெரிக்கக் கையேடும் 2013-இல் பத்து வகைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பகுதியில் ஒரு மாற்று முறையைச் சேர்த்தது. அதற்கென்று நெதர்லாந்தில் ஒரு சிறு நேர்காணல் எழுதப்பட்டிருக்கிறது. தான் யார் என்று இவருக்குத் தெரிகிறதா, எங்கே போகிறோம் என்ற திசை இருக்கிறதா, பிறர் மனம் புரிகிறதா, நெருங்க முடிகிறதா என்று நான்கு திசைகளில் கேட்கிறது. நோயின் பெயரைத் தேடாமல் வாழ்க்கை வாரியாகக் கேட்பது அயோவாக்காரர்கள் நாற்பதாண்டுக்கு முன் வைத்த வரிசைதான். இந்தப் புதிய பிள்ளைக்கும் இப்போது கப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.